ஐந்தரை மணி நேரம் பின்னால்

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் ஷைலா வீட்டு லேப்டாப் பேசும். இதில் என்ன அதிசயம், இந்தக் காலத்தில் எதுதான் பேசவில்லை என்பீர்கள். சரிதான், ஆனால் அது பேசுவது செத்துப்போனவனின் குரலில். காலை எட்டு மணிக்கு, "டாடி, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கும். மத்தியானம் ஒரு மணிக்கு, "ஷைலா, சாப்டியா?" என்று கேட்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு, "மோட்டாரை நிறுத்து, தண்ணி வழியப்போவுது" என்று அதட்டும். மோட்டார் போடாத நாளிலும் அதட்டும். ஷைலா எதற்கும் இருக்கட்டும் என்று போய் சுவிட்சைப் பார்த்துவிட்டு வருவாள்.

ஷைலாவின் புருஷன் ஜெர்வின் உயிரோடு இருந்தபோது பண்ணி வைத்த வேலை அது. அவன் ஒரு மாதிரி ஆள். மண்ணூர்பேட்டை பக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கு டிராயிங் போட்டுக் கொடுப்பான். பாதி நாள் அங்கே, பாதி நாள் வீட்டில். லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டால் வீடு இடிந்து விழுந்தாலும் தெரியாது. ஒரு நாள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, மாடித் தொட்டி வழிந்து, கீழ் போர்ஷன் பார்வதம் அக்கா காயப்போட்டிருந்த வடகமெல்லாம் கூழாகி, தெருவே கூடி வேடிக்கை பார்க்கிற அளவுக்கு ரகளை ஆனது. மறுநாளே தன் குரலைப் பதிவு பண்ணி, மணி தவறாமல் ஒலிக்கிற மாதிரி விண்டோஸில் ஏற்றி வைத்தான். அதில் ருசி கண்டு, மாத்திரை போடச் சொன்னால் காதிலேயே வாங்காத அப்பாவுக்கு ஒன்று. பிறகு ஷைலாவுக்கு ஒன்று. அதுவும் சும்மா வரவில்லை. கட்டிக்கிட்டு வந்ததிலிருந்து ஒரு நாளாவது நான் சாப்பிட்டேனா என்று கேட்டிருக்கிறாயா என்று அவள் சண்டை போட்டாள். அடுத்த நாள் ஒரு மணிக்கு லேப்டாப் கேட்டது. மெஷினை விட்டுக் கேட்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று அவள் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது நினைத்தால் அந்த மூன்று நாளுக்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும் அவளுக்கு.

அவன் போனது ஒரு சித்திரை வெயிலில். பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி போய்ச் சேரும்போது ஆள் இல்லை. மணி அப்போது மூன்று. அன்று ராத்திரி முழுக்க ஹாலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூலையில் மேசைமேல் இருந்த லேப்டாப்பை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. விடிந்து எட்டு மணி ஆனதும், பெட்டிக்குள் படுத்திருந்தவனின் குரல், "டாடி, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டது. ஜெபமாலை பாதியில் நின்றது. கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அப்பா ஆரோக்கியசாமி எழுந்து போனார். பிரஷருக்கு ஒன்று, சுகருக்கு ஒன்று, இரண்டு மாத்திரையையும் விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி கால்மாட்டில் உட்கார்ந்தார்.

அவர் தங்கை ஞானகுமாரி மட்டும் சும்மா இருக்கவில்லை. பிடிவாதக்காரி. முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு தீர்த்தம் கொண்டு வந்து லேப்டாப்மேல் தெளித்துவிட்டாள். ஆவி போனதோ இல்லையோ, இரண்டு எழுத்துப் பட்டன் வேலை செய்யாமல் போனது. குரல் போகவில்லை. அடுத்த நாள் எட்டு மணிக்குக் கேட்டது. ஆரோக்கியசாமியும் போட்டுக்கொண்டார். ஆவடி பேக்டரியில் காலமெல்லாம் சங்குச் சத்தத்துக்கு எழுந்து சங்குச் சத்தத்துக்குச் சாப்பிட்ட மனிதர். அவருக்கு இது பழகிவிட்டது. ஷைலாவுக்கும் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றா சொன்னேன்? இல்லை, அது இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் படித்தவள். எஸ்டேட் பக்கத்தில் ஒரு சின்ன கம்பெனி. மற்ற கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. பயிற்சி முடியும்வரை வீட்டிலிருந்தே, சொந்த லேப்டாப்பிலேயே செய்யலாம். ஒரே நிபந்தனை, வேலை எல்லாம் விண்டோஸில் இல்லை, லினக்ஸில். டீம் லீட் ரியா, இவளைவிடச் சின்னப் பெண், அக்கா அக்கா என்று மரியாதையாகப் பேசுவாள். லினக்ஸைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லை விண்டோஸுக்குள்ளேயே வர்ச்சுவல் மெஷினாகப் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் இஷ்டம் என்றாள். ரியாவுக்கு அது இஷ்டம். ஷைலாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். இன்னொன்று வாங்க இப்போதைக்கு வழியில்லை. வேலையை விட்டால் மாமனாரும் தானும் என்ன செய்வது என்று தெரியாது. லேப்டாப்பில் கை வைத்தால் ஜெர்வின் இருப்பானா என்றும் தெரியாது.

கரையான்சாவடியில் கடை வைத்திருக்கிற ஃபாரூக்கிடம் எடுத்துக்கொண்டு போனாள். ஜெர்வினின் சிநேகிதன், அந்த லேப்டாப்பை விற்றவனும் அவன்தான். இன்னா சிஸ்டர், மச்சான் மிசினா என்று கேட்டு வாங்கியவன், அதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் திறந்தான். முழுசாக அழித்துவிட்டு லினக்ஸ் போடுவதுதான் சுத்தம், குரலை எல்லாம் பென்டிரைவில் எடுத்துத் தருகிறேன், வேண்டும்போது போட்டுக் கேளுங்கள் என்றான். ஷைலா மாட்டேன் என்று தலையாட்டினாள். நானாகப் பட்டனை அமுக்கிக் கேட்டால் அது அவர் கேட்டதாகுமா? லினக்ஸிலும் மணிக்கு மணி ஒலிக்க வைக்கலாம், அது அவளுக்கே தெரியும். ஆனால் அது இவள் வைத்ததாகிவிடும். அவன் வைத்தது வைத்தபடி, அவனாகக் கேட்க வேண்டும்.

ஃபாரூக் லேப்டாப்பை மூடினான். பிறகு புரிகிற மாதிரி சொன்னான்.

"டூயல் பூட்டுன்னா ஒரே ஊடு, ரெண்டு போர்ஷன், ஒரே சாவி. நீங்க உங்க போர்ஷன தொறந்துகினு உக்காந்தா மச்சான் போர்ஷன் பூட்டியே கெடக்கும். வர்ச்சுவல்னா மச்சான் ஊட்டுக்குள்ளயே உங்களுக்கு ஒரு ரூம் தடுத்துக் குடுக்கறது. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம். ஆனா கரண்டு, தண்ணி எல்லாம் ஒரே லைன். மிசினு தாங்குமான்னு தெரில சிஸ்டர்."

ஒன்றாக இருக்கிற மாதிரியே போடுங்கள் என்றாள் ஷைலா. யோசிக்கவே இல்லை.

முதல் வாரமே அது நடந்தது. ஆபீஸ் வீடியோ காலில் எல்லோரும் இருக்கிறார்கள். ஷைலா எதையோ விளக்கிக்கொண்டிருக்கிறாள், மைக் திறந்திருக்கிறது. ஒரு மணி. "ஷைலா, சாப்டியா?" அவள் மைக்கை மூடுவதற்குள் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அந்தப் பக்கம் ரியா சிரித்தாள். யாருக்கா, உங்க ஹஸ்பண்டா, எங்க வீட்ல ஒருத்தன் இப்படிக் கேட்டா நான் ஏன் இப்படி இளைக்கறேன் என்றாள். வேலையில் சேரும்போது யாரும் கேட்கவில்லை, ஷைலாவும் சொல்லவில்லை. இப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது, வந்தது என்னவோ "ஆமாம்" தான்.

ஒரு பொய் உள்ளே வந்தால் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளும் என்று சும்மாவா பயப்படுகிறோம்? தினமும் ஒரு மணி நெருங்கும்போது, இருங்க, அண்ணன் கேக்கப்போறாரு என்பாள் ரியா. காலில் இருக்கிற அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். ஜெர்வின் கேட்பான். எல்லோரும் சிரித்துவிட்டு சாப்பிடப் போவார்கள். மண்ணுக்குள் போனவன் குரல் அந்த டீமுக்கே சாப்பாட்டு மணி ஆகிவிட்டது. ஷைலா ஒரு மணிக்குச் சற்று முன்னால் வேண்டுமென்றே மைக்கைத் திறந்து வைக்க ஆரம்பித்தாள். அவர் உள்ளே டிராயிங் போடுகிறார், காலில் முகம் காட்டக் கூச்சப்படுவார், வஞ்சிரம் என்றால் உயிர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல உடம்புக்கு இதமாக இருந்தது. ஹாலில் உட்கார்ந்திருக்கிற ஆரோக்கியசாமி காதில் இதெல்லாம் விழும். அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். ஒன்றும் கேட்க மாட்டார்.

ஆனால் மெஷின் தாங்கவில்லை. விண்டோஸும் ஓட வேண்டும், அதற்குள் லினக்ஸும் ஓட வேண்டும் என்றால் அந்தப் பழைய லேப்டாப் என்ன செய்யும்? மின்விசிறி இரைந்தது, அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் கொதித்தது. ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாலும் பதில் வந்திருக்காது. பயிற்சிக்காக நிறுத்தி வைத்திருந்த ஒரு சர்வரை எல்லோரும் எழுப்பிவிட்டார்கள், இவள் மட்டும் எழுப்ப முடியாமல் திணறினாள். ரியா தனியாகக் கூப்பிட்டு, அக்கா எனக்கு உங்களைப் பிடிக்கும், ஆனா டூயல் பூட் போட்டுட்டு வாங்க, இல்லன்னா உங்க பேரை நான் எடுத்தாகணும் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே ஷைலாவுக்கு அழுகை வந்தது.

மறுபடி கரையான்சாவடி. ஃபாரூக் ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரிக்கிற நேரம் முழுக்க அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தாள்; ஃபாரூக்கும் தன் பங்குக்கு பிஸ்மில்லா சொல்லித்தான் பட்டனை அமுக்கினான். ஒன்றும் ஆகவில்லை. இனிமேல் லேப்டாப்பைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் வரும், எது வேண்டுமோ அதில் நின்று என்டர் தட்ட வேண்டும். போகும்போது ஒன்று சொல்லி அனுப்பினான். விண்டோஸுக்கு நெட் மட்டும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அது பாட்டுக்குப் புதுசாக எதையாவது ஏற்றிக்கொள்ளும், அப்புறம் மச்சான் வைத்ததெல்லாம் என்னவாகும் என்று நான் சொல்ல முடியாது. ஷைலா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதில் வைஃபையை அணைத்தாள்.

மறுநாள் லினக்ஸ் பறந்தது. வேலையெல்லாம் மளமளவென்று முடிந்தது. ஒரு மணி நெருங்கியதும் காலில் எல்லோரும் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டார்கள். ஷைலாவின் மைக்கும் பழக்கத்தில் திறந்தே இருந்தது. பக்கத்து வீட்டு மிக்சி ஓடுகிற சத்தம்தான் அதில் போனது. அண்ணன் எங்கேக்கா என்றாள் ரியா. வேளாங்கண்ணிக்குப் போயிருக்கார் என்றாள் ஷைலா. மாதாவின் பேரில் வேறு பொய். அன்று வைத்த குழம்பில் உப்புப் போட மறந்தாள். மாமனார் அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

காலையில் எட்டு மணிக்கு இனி குரல் வராது, அவள்தான் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தாள். ஆரோக்கியசாமி அதை வாங்கிக்கொண்டு லேப்டாப் இருந்த மூலையைப் பார்ப்பார். பிறகு விழுங்குவார்.

வேலை முடிந்ததும், அணைத்துவிட்டு விண்டோஸில் திறப்பாள். கொஞ்ச நேரமாவது அவன் இருக்கட்டும் என்று. முதல் நாள் சாயங்காலம் திறந்து வைத்துவிட்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு மணி தாண்டிவிட்டது, மோட்டார் குரல் வரக்காணோம். போகட்டும் என்று விளக்கைப் போட எழுந்தபோது, ஆறரைக்கு, பின்னாலிருந்து கேட்டது.

"ஷைலா, சாப்டியா?"

விளக்கு வைக்கிற நேரத்தில் எவன் மத்தியானச் சாப்பாட்டைக் கேட்பான்? மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நிற்க மெதுவாகப் போய்ப் பார்த்தாள். திரையின் ஓரத்தில் கடிகாரம் ஒரு மணி காட்டியது. ஆரோக்கியசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, சந்தோஷம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

ஃபாரூக்குக்கு போன் போட்டாள். அட, அது ஒன்றுமில்லை, லினக்ஸ் உள்ளே இருக்கிற கடிகாரத்தை லண்டன் நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும், அதனால் மச்சான் பக்கம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்றான். நெட் இருந்தால் தானே சரிபண்ணிக்கொள்ளும், நாம்தான் கொடுக்கவில்லையே. ஒரே ஒரு வரி தட்டினால் போதும், சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றான். ஷைலா பேனாவை எடுத்தாள். எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். இருக்கட்டும் அண்ணே, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஏன் என்று கேட்டால் வெளியே சொல்ல முடியாது, சொன்னால் அம்பத்தூரே சிரிக்கும். இங்கே பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே அவன் பக்கம் இன்னும் மத்தியானம். மத்தியானம் வரை அவன் நன்றாகத்தானே இருந்தான்? மூன்று மணிக்கு மேலேதானே எல்லாம்? அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவனைத் திறந்தாள். ஒரு மணிக்கு அவன் கேட்பான், இன்னும் இல்லை என்று மனசுக்குள் சொல்வாள், இரவுச் சோற்றைப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். கண் மட்டும் திரையோரக் கடிகாரத்திலேயே இருக்கும். இரண்டரை ஆனதும் அணைத்துவிடுவாள். ஒரு நாளும் மூன்று ஆக விட்டதில்லை. பைத்தியமா என்றால், பைத்தியமேதான். அது அவளுக்கும் தெரிந்தே இருந்தது, அதுதான் கொடுமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புமுன் மாமனாருக்கு இட்லியும் மாத்திரையும் கொடுத்தாள். கோயிலிலிருந்து வந்ததும், இன்று லீவுதானே, நாள் முழுக்க அவன் இருக்கட்டும் என்று விண்டோஸைத் திறந்து வைத்தாள். சமையலை முடித்துவிட்டு, அடுத்த தெருவில் அன்பிய ஜெபக்கூட்டம், ஒரு எட்டுப் போய்விட்டு வருகிறேன் மாமா, வந்ததும் சாப்பிடலாம் என்று போனாள். கூட்டத்தில் ஜெபம் நீண்டுகொண்டே போனது. அவள் நினைப்பெல்லாம் சாயங்காலத்து ஒரு மணியிலேயே இருந்தது. அவன் பக்கம் எட்டு மணி இங்கே மத்தியானம் ஒன்றரைக்கு வரும் என்று அவள் எண்ணிப் பார்க்கவே இல்லை. வார நாளில் அந்த நேரம் அவள் லினக்ஸில் இருப்பாள், அதனால் அந்தக் குரல் வீட்டில் கேட்டே பல நாள் ஆகியிருந்தது.

திரும்பி வந்தபோது ஆரோக்கியசாமி மேசை ஓரம் தரையில் கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கண் சொருகியிருந்தது, கூப்பிட்டால் நாக்குக் குழறியது. மேசைமேல் மாத்திரை அட்டை. பார்வதம் அக்கா ஓடி வந்து வாயில் சர்க்கரையைத் திணித்தாள். இரண்டு பேருமாக ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

சுகர் அடியோடு இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். குளுக்கோஸ் ஏறி ஆரோக்கியசாமிக்குப் பேச்சு வந்ததும், வெறும் வயிற்றில் யார் மறுபடி மாத்திரை கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். பையன் கேட்டான், போட்டேன் என்றார் ஆரோக்கியசாமி. டாக்டர் ஷைலா பக்கம் திரும்பி, உங்க வீட்டுக்காரரை என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கம்மா, பெத்தவர் விஷயத்தில் இவ்வளவு அஜாக்கிரதையா என்று கடிந்துகொண்டார். ஷைலா சரி என்று தலையாட்டினாள். அவளால் அதுதான் முடிந்தது.

வராந்தாவுக்கு வந்து, நாளைக்கு லீவு கேட்க ரியாவுக்கு போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் ரியா பதறிவிட்டாள். ஐயோ அக்கா, அண்ணன் வேளாங்கண்ணியிலேர்ந்து வந்துட்டாரா, கூட இருக்காரா என்றாள்.

"இல்ல ரியா. அவர் செத்துட்டாரு."

அந்தப் பக்கம் ரியா உடைந்து அழுதாள். எப்போக்கா, எப்படிக்கா, அண்ணன் குரல் இன்னும் காதிலேயே இருக்கே என்று அழுதாள். ஷைலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஜெர்வினுக்காகப் புதிதாக ஒருத்தி அழுகிறாள். வீட்டில், உறவில், எல்லோரும் அழுது முடித்து முகம் கழுவி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இவள் மட்டும் இப்போதுதான் செத்தவனுக்கு அழுகிற மாதிரி அழுகிறாள். இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று இருந்தது. இன்றைக்குத்தான் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது.

"நீங்கல்லாம் குரலைக் கேட்டீங்களே ரியா, அப்பவே அவர் இல்ல. அதுக்கு ரொம்ப முன்னாடியே இல்ல."

அழுகை சட்டென்று நின்றது. அப்புறம் பேசறேன்க்கா என்று வைத்துவிட்டாள். ராத்திரி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: லீவு எடுத்துக்கோங்க, உங்க இடம் அப்படியே இருக்கும். வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாமனாரை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். கஞ்சி குடித்து முடித்து அவர் நாற்காலியில் சாய்ந்ததும் ஷைலா எதிரே தரையில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கொட்டினாள். கடிகாரம் தப்பு, எனக்குத் தெரியும், ஃபாரூக் அண்ணன் சரிபண்ணச் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன், அந்தக் குரல் தப்பான நேரத்தில் வந்தது, நீங்கள் காலை வேளை என்று நினைத்துப் போட்டுவிட்டீர்கள், உங்களை நான்தான் கொல்லப் பார்த்தேன் மாமா என்று அழுதாள்.

ஆரோக்கியசாமி அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "காலைல நீ குடுத்தது ஞாபகம் இருந்துச்சி. உச்சி வெயில் அடிக்குது, அதுவும் தெரிஞ்சிது. ஆனா எத்தினி நாள் கழிச்சி கேக்கறான். போட்டாச்சுப்பா, நீ போன்னு எப்டிம்மா சொல்றது?"

ஷைலா நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணில் தண்ணீர் இல்லை. இத்தனை காலம் அவர் ஏமாந்துகொண்டிருக்கிறார், நாம்தான் தெரிந்தே செய்கிறோம் என்று அவள் நினைத்திருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அதையே செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"அத எடுத்துடு ஷைலா. நாளைக்கும் கேட்டான்னா நான் நாளைக்கும் போடுவேன். அவன் கேட்டு என்னால மாட்டேன்னு சொல்ல முடியாதும்மா."

நேரத்தைச் சரிபண்ணினால் போதாதா என்று அவள் கேட்டாள். கேட்டவளுக்கே பதில் தெரியும். நேரம் சரியாக இருந்தாலும், ஒரு மணிக்கு அவள் வேலையை அணைத்துவிட்டு அவனைத் திறப்பாள். திறக்காமல் இருக்க அவளால் முடியாது.

ஃபாரூக்கைக் கூப்பிடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. லேப்டாப்பைத் திறந்து, இரண்டு பெயர் வந்ததும் லினக்ஸில் நின்று என்டர் தட்டினாள். எப்படி அழிப்பது என்று வேலையில்தான் கற்றுக்கொண்டிருந்தாள். கையே அதைச் செய்தது. அவன் போட்ட டிராயிங்குகளைப் பென்டிரைவில் எடுத்து வைத்தாள். குரல் இருந்த ஃபோல்டரில் கொஞ்ச நேரம் நின்றாள். எடுத்தால் மறுபடி போடுவேன் என்று தெரிந்தது, எடுக்கவில்லை. இதை அழித்தால் திரும்ப வராது, நிச்சயமா என்று மெஷின் கேட்டது. ஷைலா மாமனாரைப் பார்த்தாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் ஆமாம் என்று தட்டினாள். தட்டிவிட்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வர, வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டாள். ஆரோக்கியசாமி நாற்காலியிலிருந்து கை நீட்டினார். எட்டவில்லை. எழுந்து வந்து தலைமேல் கை வைத்தார்.

காலையில் எட்டு மணிக்கு வீடு அமைதியாக இருந்தது. ஷைலா இட்லித் தட்டும் தம்ளரும் கொண்டுவந்து வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்ததும் இரண்டு மாத்திரையையும் உள்ளங்கையில் வைத்தாள். ஆரோக்கியசாமி ஒவ்வொன்றாக விழுங்கித் தண்ணீர் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மூடிக் கிடந்த லேப்டாப்பைப் பார்த்து, பக்கத்து அறையில் இருக்கிறவனுக்குச் சொல்கிற மாதிரி கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

"போட்டாச்சுப்பா. நீ போ."

ஷைலா தம்ளரை எடுக்க நீட்டிய கையோடு அப்படியே நின்றாள்.